வீட்டுக் கல்யாணம்: வீட்டைத் தயார் செய்வதும் கைவேலை அலங்காரமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம் பிடிக்காமல், சொந்த வீட்டிலோ தாத்தா வீட்டிலோ எளிமையாகக் கல்யாணம் வைக்க நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கணக்குதான் இருக்கிறது. காசு கொடுத்துச் செய்வது கல்யாணத்துக்குப் பிறகும் வீட்டில் இருக்க வேண்டும். ஒரே நாளில் முடிந்துபோவது இலை, பூ, மாவு, மண் என்று உரக்குழிக்குப் போகிற பொருளாக இருக்க வேண்டும். வாடகை மேடைக்குக் கொடுக்கிற பணத்தில் ஒரு கூடத்துக்கு நல்ல பெயின்ட் அடித்துவிடலாம்.

எங்கள் வீட்டில் எத்தனை பேரை வைத்துக் கல்யாணம் செய்யலாம்?

இடத்தைப் பார்க்கும் முன் கழிப்பறையையும் தண்ணீரையும் எண்ணுங்கள். கூடத்தில் நெருக்கி உட்காரலாம், வாசலில் பந்தல் போடலாம், பந்தியை இரண்டு மூன்றாகப் பிரிக்கலாம். ஆனால் ஒரே ஒரு கழிப்பறை உள்ள வீட்டில் நூறு பேர் நாலு மணி நேரம் இருக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு அறையைத் திறந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இல்லையென்றால் நகரங்களில் வாடகைக்குக் கிடைக்கும் நடமாடும் கழிப்பறைக்குச் சொல்லி வையுங்கள். வயதானவர்களுக்கு ஏற்ற ஒன்றாவது தரைத்தளத்தில் இருக்க வேண்டும்.

கூடம், திண்ணை, வாசல் மூன்றும் உள்ள வீட்டில் எண்பது முதல் நூறு பேர் வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் என்றால் முகூர்த்தம் மட்டும் வீட்டில், சாப்பாடு வேறிடத்தில் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

மண்டபத்தில் வைக்காவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்று பெரியவர்கள் கேட்கிறார்களே?

மண்டபம்தான் புதுசு என்று அவர்களுக்கே ஞாபகப்படுத்துங்கள். அவர்களுடைய அப்பா அம்மா கல்யாணம் பெரும்பாலும் வாசல் பந்தலில்தான் நடந்திருக்கும். செட்டிநாட்டுப் பக்கம் பெரிய வீடுகள் கட்டப்பட்ட விதத்தைப் பாருங்கள். முகப்பு, அதைத் தாண்டி நடுவில் வானம் பார்த்த வளவு, சுற்றிலும் அறைகள், பின்னால் சமையல் கட்டு. கூட்டம் உட்கார, சடங்கு நடக்க, பந்தி போட என்று தனித்தனி இடம். வெளியூரில் குடியிருக்கும் நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார் சமூகத்தார்) பலர் இன்றைக்கும் கல்யாணத்துக்காக ஊருக்கு வந்து அந்த வீட்டைத் திறக்கிறார்கள். வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு அந்தச் சாக்கில்தான் சுண்ணாம்பும் பழுதுபார்ப்பும் நடக்கின்றன. கல்யாணச் செலவு வீட்டுக்குள்ளேயே தங்குவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பெரியவர்களின் உண்மையான கவலை பல நேரம் வேறாக இருக்கும். யாரை அழைக்காமல் விடுவது என்பதுதான் அது. அதற்கு அலங்காரத்தில் பதில் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு சாயங்காலம் தேநீரும் பலகாரமும் வைத்து மற்றவர்களை அழைக்கலாம்.

வீட்டு வேலையை எப்போது தொடங்க வேண்டும்?

கசிவு, விரிசல், மின் வயர் வேலைகள் மூன்று மாதம் முன்னால். பெயின்ட் ஒரு மாதம் முன்னால். வாசனை போகவே இரண்டு வாரம் பிடிக்கும். கைவேலைப் பொருட்களுக்கு ஆர்டர் கொடுப்பதும் மூன்று மாதம் முன்னால்தான். கடைசி வாரத்தில் எந்தக் கொத்தனாரையும் வீட்டுக்குள் விடாதீர்கள். "ரெண்டு நாள் வேலை சார்" என்பார்கள்.

ஈரம் ஏறிய சுவரின் மேல் புதுப் பெயின்ட் அடித்தால் கல்யாணத்தன்றைக்குப் பளிச்சென்று இருக்கும், அடுத்த மழையில் உப்புப் பூத்து உரியும். முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மொட்டைமாடி வடிகால் அல்லது குளியலறைக் குழாய்.

சுவருக்குச் சுண்ணாம்பா, பெயின்டா?

ஏற்கெனவே பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்த சுவர் என்றால் இந்தக் கேள்வியே இல்லை, அதன் மேல் சுண்ணாம்பு பிடிக்காது. பெயின்ட்தான். இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் சுமார் 60 சதுர அடி வரும் என்று கணக்குப் போட்டு வாங்குங்கள். எல்லா அறையும் வேண்டாம். நுழைவாயில், கூடம், மணமக்கள் உட்காரப்போகும் சுவர் இந்த மூன்றும் போதும்.

பழைய வீடு, சுண்ணாம்புப் பூச்சு, இதுவரை எமல்ஷன் படாத சுவர் என்றால் தயங்காமல் சுண்ணாம்பே அடியுங்கள். விலை குறைவு, சுவர் மூச்சு விடும், அந்த வெள்ளையின் மென்மை எந்த டப்பாவிலும் கிடைக்காது. கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் அதுவே முதல் தரம். தண்ணீர் ஊற்றி நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். நீற்றியதைத் துணியில் வடிகட்டி, சாதம் வடித்த கஞ்சி கொஞ்சம் சேர்த்து, மோர் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். மஞ்சளடிக்காமல் இருக்கத் துணிக்குப் போடும் நீலம் சில சொட்டு. சுவரைத் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு மெல்லிய கோட்டாக மூன்று முறை. அடிக்கும்போது ஒன்றுமே தெரியாது, பயந்துபோய்த் தடிமனாக அடிக்காதீர்கள். காய்ந்ததும்தான் வெள்ளை வரும். தடிமனாக அடித்தது பொடியாக உதிரும்.

ஒரு எச்சரிக்கை. சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்தால் முதுகில் ஒட்டும். கல்யாணத்தில் எல்லோரும் பட்டுப் புடவையில் இருப்பார்கள். உட்காருமிடத்துச் சுவரில் மூன்றடி உயரத்துக்குப் பாய் கட்டிவிடுங்கள், அல்லது அந்த அளவுக்கு மட்டும் காவி நிறத்தில் பெயின்ட் பட்டை அடியுங்கள். அழுக்கும் தெரியாது, பழைய வீடுகளின் சாயலும் வரும்.

தரையை மாற்றலாமா?

கல்யாணத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம். எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள் என்றால் ஆத்தங்குடிக் கல்லை ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டுச் செய்கிறார்கள். சூளையில் சுடுவதில்லை, தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் காயவைப்பதுதான். கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லுக்கு வந்துவிடும். வீடு முழுக்கப் போடக் கட்டுப்படியாகாவிட்டால் பூஜையறைக்கும் கூடத்தின் நடுவில் கம்பள அளவுக்கும் போடலாம். புளி, எலுமிச்சை சிந்தினால் கறை விழும். அதனால் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும் வேலையை அதன் மேல் உட்கார்ந்து செய்யாதீர்கள்.

தரையை மாற்றாதவர்களுக்குப் பவானி ஜமக்காளம். ஈரோடு மாவட்டத்துப் பவானியில் தறியில் நெய்வது, கோடு கோடாகச் சிவப்பும் பச்சையும் நீலமும். நாலு வாங்கினால் கூடம் நிறையும், எந்த டைல்ஸும் மறைந்துவிடும். நாற்காலி வாடகையும் கொஞ்சம் மிச்சம்.

மேடை வேண்டாமா? மணமக்கள் எங்கே உட்காருவது?

தரையில், மணையில். சுற்றி இருப்பவர்களும் தரையில் உட்கார்ந்தால் மேடையின் தேவையே இல்லை. முட்டி வலிக்காரர்களுக்குச் சுவரோரம் நாற்காலிகள் போடுங்கள். பின்னால் நிற்பவர்களுக்குத் தெரியாது என்று தோன்றினால் ஆறங்குல உயரத்தில் ஒரு மரப் பலகை போதும்.

மணமக்கள் உட்காரும் பாய்க்குப் பத்தமடையை விட்டால் வேறில்லை. திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவிக்குப் பக்கத்து ஊர். தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்துக் கிழித்து நெய்கிறார்கள். மணமக்கள் பெயரையும் தேதியையும் பாயிலேயே நெய்து தருவது அந்த ஊரின் பழைய வழக்கம். மெல்லிய பட்டுப்பாய் நெய்ய வாரக்கணக்கில் ஆகும். அதனால் தேதி குறித்த கையோடு சொல்லிவிட வேண்டும். 2013-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் போட்ட பாயைப் பிற்பாடு சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. பாய் என்றால் படுக்க வேண்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கிழக்கு பார்த்து என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதோடு ஜன்னலையும் பாருங்கள். மணமக்களுக்கு நேர் பின்னால் ஜன்னல் இருந்தால் எல்லாப் படத்திலும் முகம் இருட்டாக விழும். பக்கவாட்டில் இருந்தால் அருமை.

ஓமம் வளர்ப்பதானால் தரையின் மேல் நேரடியாகக் கூடாது. டைல்ஸ் சூட்டில் வெடிக்கும். மணல் பரப்பி, அதன் மேல் செங்கல் அடுக்கி, அதன் மேல்தான் குண்டம். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

பின்னணிக்கு என்ன செய்யலாம்?

வீட்டுப் பெண்களின் பழைய புடவைகள்தான் என் முதல் தேர்வு. புடவை சுமார் ஐந்தரை மீட்டர், அதாவது 18 அடி. நடுவில் மடித்து ஒன்பதடி உயரத்துக் கம்பியில் போட்டால் இரண்டு பக்கமும் தரை வரை தொங்கும். அகலம் நாலடிக்குக் கொஞ்சம் குறைவு, ஆக மூன்று புடவை பக்கம் பக்கமாகப் போட்டால் பதினோரு அடிச் சுவர் மூடிவிடும். ஆச்சியின் கூறைப்புடவை நடுவில், இரண்டு பக்கமும் சுங்குடியோ கண்டாங்கியோ. வருகிற அத்தைகள் எல்லாம் "இது எனக்கு எடுத்தது" என்று தொட்டுப் பார்ப்பார்கள். வாடகைப் பூச்சுவருக்கு முன்னால் யாரும் அப்படி நிற்பதில்லை.

பட்டில் குண்டூசி குத்தாதீர்கள், துணி கிளிப் போடுங்கள். பழைய சரிகை மடிப்பில் முறியும் என்பதால் கம்பியின் மேல் ஒரு துண்டைச் சுற்றிவிட்டு அதன் மேல் புடவையைப் போடுங்கள். ஓமத்தீயும் குத்துவிளக்கும் அதிலிருந்து நாலடியாவது தள்ளி இருக்க வேண்டும். இந்தத் தூரம் இல்லாத சின்னக் கூடம் என்றால் புடவையை மறந்துவிடுங்கள்.

இன்னொரு யோசனை முறம். மூங்கில் முறம் பத்துப் பன்னிரண்டு வாங்கி, காவிக் கரைசல் பூசிக் காயவைத்து, மேலே அரிசிமாவால் வீட்டுக்குப் பழக்கமான கோலங்களைப் போட்டுச் சுவரில் மாட்டலாம். ஒவ்வொரு முறமும் ஒவ்வொருவர் கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி, பெரியம்மா, அக்கா பிள்ளைகள் எல்லோரையும் உட்காரவைத்தால் சாயங்காலத்துக்குள் முடியும். பிறகு கழுவிப் புடைக்க எடுத்துக்கொள்ளலாம். பனையோலை விசிறிகளையும் இதே மாதிரி மாட்டலாம், புழுக்கம் தாங்காமல் விருந்தாளிகள் ஒவ்வொன்றாகக் கழற்றி விசிறிக்கொள்வார்கள். அதுவும் நல்லதுதான்.

தெர்மாகோல் எழுத்துகள், பிளாஸ்டிக் பூ?

வேண்டாம். அலங்காரத்துக்குத் தெர்மாகோல் பயன்படுத்த 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை இருக்கிறது. மணமக்கள் பெயரை வாசலில் கோலமாவில் எழுதுங்கள்.

தோரணத்தை வீட்டிலேயே கட்ட முடியுமா?

கட்டாயம் முடியும். மாவிலையில் கொழுந்தைப் பறிக்காதீர்கள், இரண்டு மணி நேரத்தில் துவண்டுவிடும். முற்றிய கரும்பச்சை இலை ஒரு நாள் முழுக்க நிற்கும். காம்பு இருக்கும் பக்கத்தைக் கயிற்றின் மேல் மடித்து, ஈர்க்குச்சித் துண்டால் குத்திவிடுங்கள். சணல் கயிறு நல்லது, நைலானில் இலை வழுக்கும். ஒரு சாண் நீளத்துக்கு நாலு இலை வைத்தால் அடர்த்தியாக இருக்கும். முதல் நாள் சாயங்காலம் கட்டி, தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, விடியற்காலையில் மாட்டுங்கள்.

தென்னங்குருத்தோலைத் தோரணம்தான் உண்மையான கைவேலை. இளமஞ்சள் நிற ஓலையைக் கிழித்து, மடித்து, கிளி, மணி, பின்னல் என்று பல வடிவம். மங்கல காரியத்துக்கு மடிப்பது ஒரு விதம், துக்க வீட்டுக்கு மடிப்பது வேறு விதம். இணையத்தில் படம் பார்த்துச் செய்து வைத்து, கல்யாணத்தன்று காலையில் ஊர்ப் பெரியவர் ஒருவர் முகம் சுளிப்பதைவிட, முன்னாடியே தெரிந்தவர் ஒருவரை உட்காரவைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். பந்தல் போடுகிறவர்களுக்குள் அப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார். குருத்து என்பது மரத்தின் வளரும் முனை. அதனால் வாசலுக்கும் மணவறைக்கும் மட்டும் அளவாக வாங்குங்கள், மற்ற இடத்துக்கு முற்றிய பச்சை ஓலையே அழகு.

வாழைமரம் சாயாமல் எப்படி நிறுத்துவது?

குலை தள்ளிய மரம் கனம். கேட்டில் கட்டும்போது மேலே, நடுவே, கீழே மூன்று கட்டு போடுங்கள். கேட் இல்லாத இடத்தில் ஈர மணல் நிரப்பிய பெரிய வாளியில் நட்டு, ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டுங்கள். வாழைப்பால் துணியில் பட்டால் கறை போகாது. வெட்டிக் கொஞ்ச நேரம் வடியவிட்டுக் கட்டுங்கள், புதுச் சட்டை போட்டுக்கொண்டு கட்டாதீர்கள்.

கோலத்தில் என்ன புதுமை செய்யலாம்?

புதுமை தேவையில்லை, பெரிதாகப் போடுங்கள். கல்யாண வீட்டுக்கு மாக்கோலம். பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து மையாக அரைத்து, பால் பதத்துக்குக் கரைத்து, சின்னத் துணியைத் தோய்த்து விரல் நுனி வழியாக இழை விட வேண்டும். சுபகாரியத்துக்கு இரட்டை இழை. போடும்போது மங்கலாகத் தெரியும், காய்ந்ததும் பளீரென்று வரும். சுற்றிக் காவி பூசினால்தான் கோலம் முழுமையாகும். படிக்கோலத்துக்கு நேர்கோடு வராது என்று பயப்படுகிறவர்கள் சாக்பீஸ் தடவிய நூலைத் தரையில் அடித்துக் கோடு எடுத்துக்கொள்ளலாம்.

சிமென்ட் தரை, காவித் தரை, சொரசொரப்பான கல் இவற்றில் மாவு நன்றாகப் பிடிக்கும். வழவழப்பான டைல்ஸில் பத்துப் பேர் நடந்தால் உரிந்துவிடும். அப்படிப்பட்ட கூடத்தில் மணைக்கு முன்னால் மட்டும் போட்டு, மீதியை வாசலுக்கு ஒதுக்குங்கள். கலர்ப்பொடி ரங்கோலி நடைபாதையில் வேண்டாம். காலில் ஒட்டி ஜமக்காளம் முழுக்க வரும்.

முந்தின நாள் ராத்திரி, சமையல்காரர்கள் காய் நறுக்கத் தொடங்கிய பிறகு, வாசலை அடைத்துவிட்டுப் போடுவது உத்தமம். ஒருவர் மட்டும் போட்டால் இடுப்பு போய்விடும். நடுக்கோலத்தை நன்றாகப் போடத் தெரிந்தவரிடம் விட்டுவிட்டு, ஓரங்களை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

பூ எப்போது, எங்கே, எவ்வளவு வாங்குவது?

முகூர்த்த நாளில் மல்லி விலை ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். பனிக்காலத்தில் வரத்தும் குறையும், தை முகூர்த்தம் வைத்தவர்களுக்கு இரட்டை அடி. எனவே மல்லியைத் தலைக்கும் மாலைக்கும் மட்டும் வையுங்கள். அலங்காரத்துக்குச் சம்பங்கி, செவ்வந்தி, கோழிக்கொண்டை, இடையில் மரிக்கொழுந்து. மல்லி மொட்டு ராத்திரியில் விரிந்து காலையில் களைத்துப்போகும், சம்பங்கியும் செவ்வந்தியும் மத்தியானம் வரை தாங்கும்.

உதிரிப்பூவாகக் கிலோ கணக்கில் வாங்கி வீட்டில் தொடுப்பதுதான் மலிவு. கோயம்பேடு, மதுரை மாட்டுத்தாவணி, நிலக்கோட்டை, தோவாளை என்று பக்கத்துச் சந்தைக்கு முதல் நாள் காலையில் போங்கள். வாழைநாரைத் தண்ணீரில் ஊறவைத்து, திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்தால் பேச்சுக்கு நடுவே தொடுத்து முடிந்துவிடும். தொடுத்ததை வாழையிலையில் சுற்றி ஈரத்துணி போட்டு மூடுங்கள். மணமாலையை மட்டும் பூக்கடைக்காரரிடமே கொடுத்துவிடுங்கள், கழுத்தில் நிற்கும் மாலையின் கனத்தையும் வளைவையும் அறிந்த கை வேண்டும்.

பந்தல்: கீற்றா, சாமியானாவா?

வெயிலுக்குக் கீற்றுப் பந்தல்தான். அடியில் உட்கார்ந்தால் சாமியானாவுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் உடனே தெரியும். ஆனால் கீற்றும் தீயும் சேரக் கூடாது. 2004 ஜூலையில் கும்பகோணம் பள்ளியில் சமையல் கூடத்துக் கூரையில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் உயிரிழந்தார்கள். சமையலைக் கீற்றுப் பந்தலுக்கு அடியிலோ அதை ஒட்டியோ வைக்காதீர்கள். வெட்டவெளியில், காற்று வீசும் திசையைப் பார்த்து, தள்ளி வையுங்கள். தண்ணீர் நிரம்பிய இரண்டு பீப்பாய் பக்கத்தில் இருக்கட்டும். பந்தலுக்குள் சூடாகும் பழைய குண்டு பல்புகளும் வேண்டாம், எல்ஈடி போதும். ராக்கெட் விடும் மாப்பிள்ளைத் தோழர்களையும் முன்கூட்டியே அடக்கி வையுங்கள்.

பந்தல் தெருவுக்கு நீள்வதாக இருந்தால் உள்ளாட்சி அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் அனுமதி வாங்க வேண்டும்.

மொட்டைமாடியில் வைக்கலாமா?

சாயங்கால விருந்துக்கு மாடி அருமையான இடம். எடையை மட்டும் யோசியுங்கள். ஆட்கள் ஏறும் வீட்டு மாடியைச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ தாங்கும்படி வடிவமைப்பதே வழக்கம். நாலைந்து பேர் ஒரு சதுர மீட்டருக்குள் நெருக்கி ஆடினால் அந்தக் கணக்கு தாண்டிவிடும். உட்கார்ந்து சாப்பிட, பேச என்றால் சரி. கும்பலாக ஆட்டம் தரையில். தண்ணீர் டிரம், அண்டா, அடுப்பு எல்லாம் கீழே. மரக் கட்டையும் செங்கல்லும் வைத்துக் கட்டிய பழைய மெட்ராஸ் ஒட்டு மாடியில் கூட்டத்தை ஏற்றவே கூடாது.

விளக்கும் மின்சாரமும்?

சீரியல் செட்டை வீட்டு முகப்பு முழுக்கப் போர்த்த வேண்டியதில்லை. மாமரம், முருங்கை ஏதாவது இருந்தால் அதன் தண்டில் மஞ்சள் வெளிச்ச விளக்கைச் சுற்றுங்கள். திண்ணையிலும் மாடிப்படியிலும் அகல்விளக்கு, புடவை படாத உயரத்தில். கிரைண்டர், குளிர்பதனப் பெட்டி, பெடஸ்டல் விசிறி எல்லாம் ஒரே இணைப்பில் ஓடினால் ஃபியூஸ் போகும். மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு கேட்கலாம், அல்லது ஜெனரேட்டர். ஒலிபெருக்கி இரவு 10 முதல் காலை 6 வரை சட்டப்படி கூடாது. விடியற்கால முகூர்த்தத்துக்கு நாதஸ்வரமும் தவிலும் மைக் இல்லாமலே தெருக்கோடி வரை கேட்கும்.

சாப்பாடு?

நம்பிக்கையான சமையல்காரர் ஒருவர், சுருக்கமான பட்டியல், தலைவாழை இலை. அவ்வளவுதான். மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் எல்லாம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. தண்ணீருக்கு எவர்சில்வர் டம்ளர் வாடகைக்குக் கிடைக்கும். மானாமதுரை மண்பானை ஒன்றிரண்டு வாங்கி வெட்டிவேர் போட்டு வாசலில் வையுங்கள். கல்யாணம் முடிந்து வருகிற கோடைக்கு அது வீட்டில் இருக்கும்.

பத்திரிகையைக் கையால் செய்யலாமா?

நூறு பேருக்குள் என்றால் செய்யலாம். கைக்காகிதத்தில், அழகான கையெழுத்து உள்ள ஒருவர் எழுதி, அதை அச்சடித்தால் போதும். உருளைக்கிழங்கையோ ரப்பரையோ செதுக்கி ஒரு அச்சு செய்து காவி நிறத்தில் ஓரம் குத்தலாம், குழந்தைகள் போட்டி போட்டுச் செய்வார்கள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிவிட்டால் பெரியவர்களுக்கும் நிறைவு. எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சில பிரதிகளாவது அச்சில் வேண்டும். காரணம் அடுத்த கேள்வியில் இருக்கிறது.

வீட்டில் நடந்த கல்யாணம் சட்டப்படி செல்லுமா?

செல்லும். இடம் எது என்பது பிரச்சினையே இல்லை. மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். புரோகிதர் இல்லாமல் செய்ய நினைப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தத்தில் 1928-ல் பெரியார் முன்னிலையில் நடந்ததுதான் முதல் சுயமரியாதைத் திருமணம் என்பார்கள். அப்படிப்பட்ட திருமணங்களுக்கு 1967-ல் அண்ணா ஆட்சியில் கொண்டுவந்த திருத்தம் சட்ட ஏற்பு தந்தது. இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவு அது. உறவினர், நண்பர்கள் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் துணையாக ஏற்கிறோம் என்று புரிகிற மொழியில் சொல்லி, மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும். வெவ்வேறு மதத்தவர் என்றால் 1954-ன் சிறப்புத் திருமணச் சட்டம். அதற்கு 30 நாள் முன்னறிவிப்பும் மூன்று சாட்சிகளும் வேண்டும், தேதி குறிக்கும் முன்பே இதைத் தொடங்குங்கள்.

எந்த முறையில் நடந்தாலும் தமிழ்நாட்டில் 2009-ன் சட்டப்படி பதிவு கட்டாயம். 90 நாட்களுக்குள் செய்துவிடுங்கள். கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை நேரம் உண்டு. வீட்டுக் கல்யாணத்தில் மண்டப ரசீதோ கோயில் ரசீதோ இருக்காது. அதனால்தான் தேதியும் முகவரியும் தெளிவாக உள்ள அச்சுப் பத்திரிகை வேண்டும் என்றேன்.

அபார்ட்மென்ட்டில் இருக்கிறோம். இதெல்லாம் முடியுமா?

முப்பது பேருக்கு முடியும். சங்கத்திடம் முன்பே எழுதிக் கேளுங்கள், குறிப்பாக ஓமப் புகை பற்றி. புகை உணர்கருவி உள்ள கட்டடத்தில் தாலி கட்டும் நேரத்தில் அலாரம் அடித்தால் சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் எல்லா மாடியிலும் இருப்பவர்கள் இறங்கி வருவார்கள். கூடத்துச் சாமான்களை ஒரு அறைக்குள் அடைத்துவிட்டு ஜமக்காளம் விரியுங்கள். பால்கனிக் கம்பியில் தோரணம், லிஃப்ட் வாசலில் கோலம், கதவில் சம்பங்கிச் சரம். வேறு எதுவும் சேர்க்க வேண்டாம்.

வருகிறவர்களுக்கு என்ன கொடுப்பது?

தாம்பூலம் மஞ்சப்பையில். தேங்காய், வெற்றிலை, பாக்கு, அவ்வளவுதான் முறை. நெருங்கியவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செய்ய நினைத்தால் செட்டிநாட்டுக் கொட்டான் பார்க்கலாம். வண்ணம் ஏற்றிய பனையோலையில் முடைந்த கூடை, நகரத்தார் வீட்டு விசேஷங்களில் பண்டம் வைத்துக் கொடுப்பது. மணப்பாட்டுப் பெண்கள் செய்யும் பனையோலைப் பெட்டிகளும் அழகு. பீங்கான் பொம்மையும் பெயர் பொறித்த பேனா ஸ்டாண்டும் யார் வீட்டிலும் ஒரு மாதம் தாங்குவதில்லை.

மழை வந்தால்?

ஐப்பசி, கார்த்திகையில் வைத்தால் மழை வரும் என்றே திட்டம் போடுங்கள். முகூர்த்தம் கூடத்துக்குள், பந்தி தகரப் பந்தலுக்குள், செருப்புக்குத் தனி இடம், வாசலில் சாக்கு. கோலத்தைத் திண்ணைக்கு ஏற்றிவிடுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு என்ன மிஞ்சும்?

மறுநாள் காலையில் வாழைமரத்தை வெட்டி மாட்டுக்குப் போடலாம், குலையை அக்கம்பக்கத்தாருக்குப் பங்கிடலாம். தோரணம், பூ, சாப்பிட்ட இலை எல்லாம் குழி வெட்டிப் புதைத்தால் சில மாதத்தில் உரம், அதன் மேல் ஒரு மாங்கன்று வைக்கலாம். புடவைகளை நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடித்து, அவரவர் பீரோவுக்கு அனுப்புங்கள். ஜமக்காளத்தை உதறி வெயிலில் போடுங்கள். ஆணி அடித்த இடங்களில் பட்டி பூசி மேலே அடிக்கப் பெயின்ட்டில் ஒரு அரை லிட்டர் மிச்சம் வைத்திருந்தால் நல்லது. டப்பா மூடியில் நிற எண்ணை எழுதி வைத்துவிடுங்கள், அடுத்த விசேஷத்துக்கு அதே நிறத்தைத் தேடிக் கடை கடையாக அலைய வேண்டியிருக்காது.